'எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே!'

கேள்வி: கடல்பாசி எடுக்கும் பெண்களைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், 'எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே' என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?
– செவிலியர், மண்டபம்

பதில்: ஒன்றும் இல்லாதபோது செய்வதுதான் இந்தப் பரிசோதனை, முதலில் அதைச் சொல்லுங்கள். 30 முதல் 65 வயதுவரை, 5 ஆண்டுக்கு ஒருமுறை. நோட்டீஸைவிட, காட்டுவதற்கென்றே தனியாக வைத்திருக்கும் ஒரு ஸ்பெகுலத்தை, அதாவது கர்ப்பப்பை வாயைப் பார்க்கப் பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் கருவியை, கையில் கொடுங்கள். திறந்து மூடிப் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் (வினிகரில் இருப்பது) தடவி 1 நிமிடம் கழித்துப் பார்ப்போம், லேசாக எரியலாம், கத்தியோ ஊசியோ கிடையாது என்று விளக்குங்கள். அமிலம் பட்ட இடத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், மேல்பரிசோதனைக்கு ராமநாதபுரம் போகச் சொன்னதும் மிரண்டு, அத்தோடு நின்றுவிடுவார்கள். மாதவிலக்கு நாளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பாசிக்குப் போகிற நாளில் முகாம் வைத்தால் யார் வருவார்?