கன்னம் எரிகிறதா? முதலில் அந்த டப்பாவைப் பாருங்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன், வயது 42. காலையில் பசியாறக் கடை போடுகிறேன். இரண்டு வருடமாகக் கன்னமும் மூக்கும் எரிகிறது, சின்னப் பருக்களும் வருகின்றன. முகம் கருக்கிறதே என்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு கிரீம் வாங்கிப் போட்டேன். முதலில் பளிச்சென்று இருந்தது, இப்போது ஒரு நாள் விட்டாலும் முகம் வீங்குகிறது. முகம் சிவந்து எரியும் ரோசேசியா என்ற தோல் நோயாக இருக்குமோ என்றால், அது வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை அக்கா, நமக்கும் வரும். நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று கண்ணுக்குத் தெரியாது, கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மங்கித் தெரியும், அதனால்தான் பலருக்கும் வருடக்கணக்கில் பருவென்றே மருந்து போகிறது. கண்ணாடியை விடக் கையை நம்புங்கள். எரியும் நேரத்தில் புறங்கையைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கழுத்தை விடச் சூடாக இருக்கும், சோப்பு பட்டாலே சுள்ளென்று குத்தும். சாதாரணப் பருவில் கரும்புள்ளிகள் இருக்கும், ரோசேசியாவில் இருக்காது.

சரி, உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை அந்த டப்பாதான். சில நாளிலேயே முகத்தை வெளுக்க வைத்து, நிறுத்தினால் வீங்க வைக்கும் கிரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். இப்படி விற்கும் கிரீம்களில் பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, தோலை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், பாதரசம் எல்லாம் கண்டுபிடித்து, சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ பலமுறை எச்சரித்திருக்கிறது. முகத்தில் ஸ்டீராய்டை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் விரிந்து, ரோசேசியா இல்லாதவருக்கே அதே மாதிரி முகம் வந்துவிடும், இருப்பவருக்கோ இன்னும் மோசமாகும். நிறுத்தியதும் சில வாரங்களுக்கு எரிச்சல் கூடும், அந்த நாட்களில்தான் பலர் பயந்துபோய் மறுபடியும் டப்பாவைத் திறக்கிறார்கள். அதனால் தனியாகப் போராட வேண்டாம், டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள், எப்படி நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். முகம் கொதிக்கும்போது ஜன்னல் பக்கம் நின்று கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் கிளினிக்கில் உட்காரும் நேரத்தில் முகம் அடங்கியிருக்கும். மூட்டு வலி, வாய்ப்புண், காரணமில்லாத காய்ச்சல் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். லூப்பஸ் என்ற நோயும் கன்னத்தில் இப்படித் தொடங்கலாம், அதை டாக்டர் விலக்கிப் பார்க்க வேண்டும்.

ரோசேசியாதான் என்றால் மெட்ரோனிடசோல் ஜெல், அசலைக் அமிலம், ஐவர்மெக்டின் 1% கிரீம், தேவைப்பட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை என்று வழிகள் உண்டு. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் டாக்ஸிசைக்ளினுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எதுவும் ஒரு வாரத்தில் வேலை செய்யாது, 6 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். அடியோடு போகாது, ஆனால் நன்றாக அடங்கும். ஒட்டுவாரொட்டியும் இல்லை, கடைக்கு வருபவர்கள் பயப்படத் தேவையில்லை.

கடையை மூட வேண்டாம். வெயில், அடுப்புச் சூடு, கொதிக்கும் பானம், காரம், மது, மனக்கவலை இவைதான் வழக்கமாகக் கிளப்பிவிடும், ஆனால் எல்லாமே எல்லோருக்கும் இல்லை. எது உங்களுக்கு என்று ஒரு சின்ன நோட்டில் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள், சம்பால் ஒன்றும் செய்யவில்லை என்றால் அதை ஏன் விடவேண்டும்? ரொட்டிக் கல்லுக்குப் பக்கவாட்டில் காற்றாடி வையுங்கள், ஆவி நேராக முகத்தில் அடிக்கிற மாதிரி குனியாதீர்கள், தே தாரிக் பால் தேநீரை ஆறவிட்டுக் குடியுங்கள். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்கு மேல், சிங்க் ஆக்சைடு கலந்ததாக இருந்தால் எரிச்சல் குறையும். வெள்ளையாகத் தெரிகிறது என்றால் நிறம் கலந்ததாகக் கேளுங்கள். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் ஒன்று போதும். எலுமிச்சை, பற்பசை, ஸ்கிரப், ஆவி பிடிப்பது எல்லாம் கொஞ்ச காலம் வேண்டாம்.

அப்புறம் கண். மணல் விழுந்த மாதிரி உறுத்தல், அடிக்கடி கண்கட்டி இருந்தால் கிளினிக்கில் அதைச் சேர்த்துச் சொல்லுங்கள், ரோசேசியா கண்ணிலும் வரும். பார்வை மங்கினாலோ, வெளிச்சம் பார்க்கவே வலித்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.