வாசலில் கழற்றி வைக்க அது செருப்பல்ல

கேள்வி: என் பிரிவில் நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இரண்டு மாதமாகத் தப்பு மேல் தப்பு செய்கிறார். வீட்டில் ஏதோ பிரச்சினையாம். "வீட்டுக் கவலையை வாசலிலேயே விட்டுவிட்டு வா" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இன்னும் மோசம். நான் சொன்னதில் என்ன தவறு?

பதில்: வாசலில் விட்டுவிட்டு வர அவருக்கு மட்டும் ஆசை இருக்காதா? ஆனால் மூளை அப்படி வேலை செய்வதில்லை. ஒரு கணக்கைப் போடும்போது இடையில் வரும் எண்களை மனதில் பிடித்து வைத்திருக்கிறோமே, அந்த இடம் மிகச் சிறியது. கவலை வந்து உட்காருவதும் அதே இடத்தில்தான். அதனால்தான் அதே பத்தியை மூன்று முறை படிக்கிறார், கையெழுத்து வாங்காமலே கோப்பை அனுப்புகிறார். தூக்கமும் கெட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். நீங்கள் அலட்சியம் என்று நினைப்பது பெரும்பாலும் அலட்சியமாக இருக்காது. இதற்கு நடுவிலும் தினமும் வந்து உட்காருகிறாரே, அதற்கே அவர் மற்றவர்களைவிட அதிகம் பாடுபடுகிறார் என்று நான் நம்புகிறேன்.

சரி, ஒன்று கேட்கிறேன். அலுவலகக் கவலையை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போ என்று அவரிடம் என்றைக்காவது சொன்னீர்களா? வேலை வீட்டுக்குள் போகலாம், வீடு வேலைக்குள் வரக் கூடாது என்றால் அது நியாயமில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாதமும் இதய நோயும் வரும் ஆபத்து கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து சொன்னதையும் இங்கே நினைத்துப் பாருங்கள்.

அவர் வீட்டை உங்களால் சரிசெய்ய முடியாது. வேலையைச் சரிசெய்ய முடியும். வேலையில் வரும் மன அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979இல் அமெரிக்க, ஸ்வீடன் தொழிலாளர்களை வைத்து எழுதிய ஆய்வு இன்றைக்கும் உங்களுக்குப் பயன்படும். வேலைச்சுமை கனமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் கையில் இல்லாதபோதுதான் மனிதர்கள் மிகவும் நொறுங்குகிறார்கள் என்றார் அவர். வீட்டில் எதுவும் தன் கையில் இல்லாத ஒருவருக்கு இங்கேயாவது கொஞ்சம் பிடி கொடுங்கள். எந்த வேலையை முதலில் எடுப்பது, எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். தவறினால் பெரிய இழப்பு வரும் வேலைகளை மட்டும் கொஞ்ச நாள் இன்னொருவரும் பார்க்கட்டும். இது சலுகை இல்லை, மற்றவர்களுக்கும் இதுதான் பாதுகாப்பு.

அப்புறம், எல்லோர் முன்னிலையிலும் சொன்னது பெரிய தவறு. நாளைக்கே அவரைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள். வீட்டில் என்ன என்று துருவ வேண்டாம். "உன் மேஜையிலிருந்து எதை ஒரு மாதத்துக்கு எடுத்துவிடலாம்?" என்று மட்டும் கேளுங்கள். மீதியைச் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம்.