வீடில்லாத அப்பாவும் ஐந்து டாலர் கடனும்: 'தி பர்சூட் ஆஃப் ஹாப்பினஸ்' கேள்வி பதில்

(வில் ஸ்மித் நடித்து 2006-இல் வந்த படம். கதை நடப்பது 1981, சான் பிரான்சிஸ்கோவில்.)

கே: சார், இது உண்மைக் கதையா? எவ்வளவு தூரம் உண்மை?

கிறிஸ் கார்ட்னர் என்பவரின் வாழ்க்கை. அவருடைய சுயசரிதையும் அதே 2006-இல்தான் வெளியானது. ஆனால் படத்தில் மகனுக்கு ஐந்து வயது. நிஜத்தில் அவன் நடை பழகும் குழந்தை. பேசும் வயதில் பிள்ளை இருந்தால்தானே வசனம் எழுத முடியும், அதனால் மாற்றிவிட்டார்கள். என்னைக் கேட்டால் நிஜம்தான் இன்னும் கஷ்டம். ஐந்து வயதுப் பையனிடம் 'கொஞ்சம் சும்மா இருடா' என்றாவது சொல்லலாம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராத்திரி தங்க இடம் தேடுவதை நினைத்துப் பாருங்கள்.

கே: பங்குத்தரகர் வேலைக்கு ஆறு மாதம் சம்பளமே இல்லாத பயிற்சி, கடைசியில் இருபது பேரில் ஒருவருக்குத்தான் வேலை. பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி இறங்கலாமா?

படத்தைப் பார்த்துவிட்டு யாரும் இறங்காதீர்கள். உண்மையில் பயிற்சி கொடுத்த டீன் விட்டர் என்ற பங்குத்தரகு நிறுவனம் கார்ட்னருக்கு மாதம் ஆயிரம் டாலர் அளவில் உதவித்தொகை கொடுத்தது. சினிமா அதையும் பிடுங்கிக்கொண்டது. அந்தப் பணம் இருந்தும் வாடகைக்கு வழியில்லை என்பதுதான் விஷயமே.

கே: அந்த ரயில் நிலையக் கழிப்பறைக் காட்சிதானே படத்தின் உச்சம்?

எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். தப்பில்லை. மகன் மடியில் தூங்க, வெளியே யாரோ கதவைத் தட்ட, அப்பா காலால் கதவை அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழும் காட்சி. கார்ட்னர் அப்படித் தங்கியது ஓக்லண்டில் உள்ள மெக்கார்தர் நிலையத்தில்.

எனக்கு அதைவிட வலித்தது வேறு. பெரிய அதிகாரி ஒருவர், டாக்சிக்குச் சில்லறை இல்லை என்று இவரிடம் சாதாரணமாக ஐந்து டாலர் கடன் கேட்பார். அவருக்கு அது காசே இல்லை. இவருக்கோ அன்றைய சாப்பாடு. இல்லை என்று சொன்னால் மானம் போகும், வேலையும் போகலாம். முகத்தில் சிரிப்பு மாறாமல் எடுத்துக் கொடுப்பார் பாருங்கள், அங்கே வில் ஸ்மித் நடிகர். இன்னொரு இடத்தில் வரி பாக்கிக்காகக் கணக்கில் இருந்ததை அரசு எடுத்துக்கொள்ள, மிச்சம் 21 டாலர் 33 சென்ட். ஏழையாக இருப்பதற்கு எவ்வளவு செலவாகிறது என்று படம் சென்ட் கணக்கில் காட்டுகிறது. முன்னேற்ற உபதேசமாக மட்டும் இதைப் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

கே: அண்ணா, மனைவியை மட்டும் வில்லி மாதிரி காட்டிட்டாங்களே?

எனக்கும் அந்தக் குறை உண்டு. லிண்டா இரட்டை ஷிஃப்ட் பார்த்துக் குடும்பத்தை ஓட்டியவள். எலும்பு அடர்த்தி பார்க்கும் இயந்திரங்களில் சேமிப்பையெல்லாம் போட்டுவிட்டு, அவை விற்காமல் நின்றவர் கணவர். அவள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. படம் அவளைச் சீக்கிரமே நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டது.

கே: இரவு தங்க வரிசையில் நிற்பார்களே, அந்த தேவாலயம் நிஜமா?

நிஜம். கிளைட் மெமோரியல். அதன் போதகராக இருந்த செசில் வில்லியம்ஸ் அவராகவே நடித்திருக்கிறார். மாலையில் நேரத்தோடு போகாவிட்டால் படுக்கை இல்லை. அதனால்தான் அலுவலகத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல், ரிசீவரைக் கீழே வைக்காமல் வாடிக்கையாளர்களுக்கு அடுத்தடுத்து போன் போட்டு, வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார் கார்ட்னர்.

கே: அதிகாரியை அசத்த டாக்சியில் ரூபிக் க்யூப் முடிப்பதெல்லாம் ஓவர் இல்லையா?

ஓவர்தான். ஆனால் அந்தக் க்யூப் மோகம் அப்போது உண்மை.

கே: வில் ஸ்மித்துக்கு ஆஸ்கர் கிடைத்ததா?

பரிந்துரையோடு சரி. அந்த வருடம் ஃபாரஸ்ட் விட்டேகர் வாங்கினார். மகனாக வருபவன் ஸ்மித்தின் சொந்த மகன் ஜேடன்.

கே: பத்து வயதுப் பையனோடு பார்க்கலாமா?

தாராளமாக. ஓரிரு கெட்ட வார்த்தை வரும், அவ்வளவுதான். ஆனால் அந்த க்யூப் சவாரி முடிந்ததும் கையில் காசில்லாமல், டாக்சிக்காரருக்குக் கொடுக்காமல் ஓடிவிடுவார் கார்ட்னர். பையன் அதைப் பற்றி நிச்சயம் கேட்பான். பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.