திருவாதிரை எப்போ வெடிக்கும்?

கேள்வி: மார்கழி இரவில் யானைக் காவலுக்குப் பரணில் ஏறினால் கிழக்கே ஒரு சிவப்பு வெள்ளி தெரியுது. அது வெடிக்கப்போகுதாம் எண்டு மகன் சொல்லுறான். உண்மையோ? (மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மகன் சொன்னது சரிதான், ஆனால் பரணை விட்டு இறங்க வேண்டாம். வரிசையாய் நிற்கும் 3 வெள்ளிகளுக்கு இடப்பக்கம் தெரியுமே, அதுதான் திருவாதிரை. சூரியன் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தால் பூமியும் செவ்வாயும் அதன் வயிற்றுக்குள் போய்விடும். இவ்வளவு பெரிதென்றால் ஆயுளும் கூட என்று நினைப்போம், நடப்பது நேர்மாறு, பெரிய வெள்ளி வேகமாய் எரிந்து தீரும்: வைக்கோல் போர் பற்றினால் பொசுக்கென்று முடியும், பாலைக்கட்டை விடிய விடியக் கனலும். திருவாதிரைக்கு வயது ஏறக்குறைய 1 கோடி ஆண்டுதான், அதற்குள் நடுவில் எரிபொருளாய் இருந்த ஐதரசன் தீர்ந்து, வெளிப்புறம் ஊதிக் குளிர்ந்து சிவந்துவிட்டது. நம் சூரியனுக்கோ 460 கோடி ஆகியும் பாதி ஆயுள்கூட முடியவில்லை.

கடைசியில் அதன் நடுப்பகுதி இரும்பாகும். இரும்பை எரித்துச் சக்தி எடுக்க முடியாது, அதனால் நடுப்பகுதி ஒரு நொடிக்குள் இடிந்து விழ, மிச்சம் வெடிக்கும். எப்போது? பெரும்பாலும் இன்னும் ஒரு லட்சம் ஆண்டுக்குள். 2019 கடைசியில் அது மங்கியபோது எல்லோரும் பரபரத்தார்கள், பார்த்தால் அது கக்கிய தூசுதான் மறைத்திருக்கிறது! தூரம் 500 ஒளியாண்டுக்கு மேல், நமக்கு ஆபத்தில்லை. வெடித்தால் பகலிலும் தெரியும். நீங்கள் யானையைப் பாருங்கள்.