"விலை எவ்வளவு அக்கா?" என்று இன்னும் கேட்கிறார்களா?

கேள்வி: அக்கா, வெள்ளவத்தையில் எங்களுக்குச் சின்ன உடுப்புக்கடை ஒன்று இருக்கிறது. முதலில் பேஸ்புக்கில் மட்டும் விற்றோம், இப்போது இணையத்தளமும் போட்டிருக்கிறோம். நிறையப் பேர் வந்து பார்க்கிறார்கள், ஆனால் ஓடர் குறைவு. வாங்குகிறவர்களும் வட்ஸ்அப்பில் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். எங்கே பிழை?
- வாசகி, கொழும்பு 6

பதில்: தங்கச்சி, தளத்தை விட்டுவிட்டு முதலில் வட்ஸ்அப்பைத் திறவுங்கள். கடைசியாக வந்த கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். "விலை என்ன?", "லைனிங் போட்டதா?", "40 நெஞ்சளவுக்கு வருமா?", "வவுனியாவுக்கு அனுப்புவீங்களா?", "அளவு சரிவராட்டி மாத்தலாமா?" இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் உங்கள் தளத்தில் இல்லாத, அல்லது இருந்தும் கண்ணில் படாத ஒரு வரி.

தளம் வடிவமைக்கும் வேலைக்கு வருமுன் நான் காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் நின்றவள். சல்வாரைக் கையில் எடுக்கும் பெண் முதலில் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பாள். அப்புறம் உள்பக்கத்தைப் புரட்டித் துணியையும் லைனிங்கையும் தடவுவாள். அதன்பிறகுதான் தோளில் வைத்துக் கண்ணாடி முன் நிற்பாள். தளமும் இதே வரிசையில் போனால் போதும்.

விலையை மறைத்து "இன்பொக்ஸ் பண்ணவும்" என்று போடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்ற பயம்தான் காரணம். அவர் வேறொரு போனிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்வார். கேட்கக் கூச்சப்படும் வாடிக்கையாளர்தான் பேசாமல் போய்விடுவார்.

அளவில்தான் பாதி ஓடர் தவறிப்போகிறது. ஒரு கடையின் எம் (M) சைஸ் இன்னொரு கடையில் எல் (L). கொழும்பில் கிடைக்கும் ஆயத்த உடுப்புகளின் லேபிளோ இன்னும் குழப்பம்: பிரித்தானிய 12, அமெரிக்காவில் 8, ஐரோப்பாவில் 40. மூன்றும் ஒரே ஆளுக்குத்தான். அதனால் எழுத்தை நம்பாமல் அங்குலத்தில் போடுங்கள், இங்கே தையல்காரரும் அங்குலத்தில்தான் அளக்கிறார். நெஞ்சு, இடுப்பு, உயரம், கைநீளம். அது உடம்பின் அளவா, உடுப்பின் அளவா என்பதையும் சொல்லுங்கள். 38 அங்குல உடம்புக்கு 38 அங்குலச் சல்வார் வாங்கினால் கையைத் தூக்க முடியாது. படத்தில் நிற்கும் பெண்ணின் உயரம், அவள் போட்டிருக்கும் சைஸ் இரண்டையும் ஒரு வரியில் எழுதினால் அந்த ஒரு வரிக்கே பல கேள்விகள் குறையும். ஸ்டொக் முடிந்த சைஸை அழுத்த முடியாதபடி மங்கலாக்கிவிடுங்கள். முகவரி எல்லாம் எழுதி முடித்த பிறகு "இல்லை" என்று சொன்னால் யாருக்கும் கோபம் வரும்.

முகவரிப் படிவம் தனிக்கதை. வெளிநாட்டில் செய்த படிவத்தை அப்படியே போட்டுவிடுகிறார்கள். "மாநிலம்" என்று ஒரு பெட்டி, நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாது. எங்களுக்கு ஏது மாநிலம்? மாவட்டப் பட்டியலைக் கொடுங்கள். தபால் குறியீடு வேண்டுமென்றால் கொழும்பு 6ஐத் தெரிவுசெய்ததும் 00600 தானாக வரட்டும், அதை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் குறைவு. போன் இலக்கத்தை 077 என்று தொடங்கினாலும் +94 என்று தொடங்கினாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வழி சொல்ல ஒரு பெட்டி கட்டாயம்: "கோயிலடி ஒழுங்கை, கடல் பக்கம், மேல்மாடி". கூரியர் பொடியன் வீட்டைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான்.

டெலிவரிக் காசைக் கடைசிப் பக்கத்தில் காட்டாதீர்கள். இணையக் கடைகளில் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் நூற்றுக்கு 70 பேரளவில் என்று, இணையக் கடைகளை ஆராயும் டென்மார்க்கின் பேமார்ட் நிறுவனம் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறது. சும்மா பார்க்க வந்தவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், அவர்கள் சொல்லும் முதல் காரணம் கடைசியில் ஏறும் மேலதிகச் செலவு. உடுப்பின் விலைக்குக் கீழேயே "கொழும்புக்குள் இவ்வளவு, வெளிமாவட்டம் இவ்வளவு" என்று எழுதிவிடுங்கள். "பார்சல் கைக்கு வந்ததும் காசு" என்ற தெரிவும் அங்கேயே தெரியட்டும்.

இன்னொன்று, கணக்குத் திறக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அமெரிக்காவின் பெரிய இணையக் கடையொன்றில் "பதிவு செய்க" பட்டனை எடுத்துவிட்டு "தொடர்க" என்று மாற்றினார்கள். முதல் வருடத்தில் விற்பனை 300 மில்லியன் டொலர் கூடியது என்று, தளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதினார். பழைய வாடிக்கையாளர்களிலும் பலருக்குப் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கவில்லையாம். ஒரு சல்வார் வாங்க யார்தான் பாஸ்வேர்டை ஞாபகம் வைப்பார்கள்?

கேள்வி: தளம் செய்து தருபவர் முகப்பில் வீடியோ, சுற்றிக் காட்டும் படம் எல்லாம் போடலாம் என்கிறார். செலவும் கூடுதல். தேவையா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பூ.கொம் (boo.com) என்று லண்டனில் ஒரு உடுப்புத் தளம் இருந்தது. 1999 நவம்பரில் திறந்தார்கள். உடுப்பைச் சுற்றிக் காட்டினார்கள், வழிகாட்ட ஒரு கார்ட்டூன் பெண்ணையும் நிறுத்தினார்கள். அந்தக் காலத்து வீட்டு இணைப்பில் பக்கம் திறக்கவே பொறுமை வேண்டும். 135 மில்லியன் டொலரளவு கரைந்து, 2000 மே மாதம் கடையை மூடினார்கள். அந்த ஒரு காரணத்தால் மட்டும் மூடவில்லை, காசையும் தாராளமாக இறைத்தார்கள். ஆனாலும் உங்கள் வடிவமைப்பாளரிடம் கதையைச் சொல்லுங்கள்.

அப்புறம் தளத்தை அலுவலக வைபையில் பார்க்காதீர்கள். பஸ்ஸில் போகும்போது, விலை குறைந்த போனில், டேட்டாவில் திறந்து பாருங்கள். கமராவிலிருந்து எடுத்த படத்தைச் சுருக்காமல் ஏற்றியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். வீடியோவை முகப்பிலிருந்து எடுத்து உடுப்பின் பக்கத்தில் வையுங்கள், அழுத்தினால் மட்டும் ஓடட்டும்.

கேள்வி: தளத்தில் தமிழும் போட்டிருக்கிறோம். ஆனால் தேடும் பெட்டியில் "சேலை" என்று அடித்தால் ஒன்றும் வருவதில்லையே?
- வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: அநேகமாகப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள், அதில் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். அல்லது படத்துக்குள் எழுத்தை வைத்திருப்பார்கள். இரண்டையும் தேடும் பெட்டியால் தமிழாக வாசிக்க முடியாது. எல்லாக் கணினியும் போனும் தமிழாகவே புரிந்துகொள்ளும் யுனிகோடில் திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். சேலை, சாரி, புடவை மூன்றையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கேள்வி: மகளுக்கு மயில்கழுத்து நிறத்தில் பட்டுச்சேலை ஓடர் பண்ணினேன். படத்தில் நீலம், வந்தது பச்சை. ஏமாற்றிவிட்டார்களா?
- வாசகர், தெஹிவளை

பதில்: உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது ஐயா. மயில்கழுத்துப் பட்டில் பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கே ஓடும் நூல்) இன்னொரு நிறம். மடிப்பைத் திருப்பினால் நிறமும் மாறும். ஜன்னலடியில் விரித்துச் சாய்த்துப் பாருங்கள், நீலம் தெரியலாம். தளத்தில் ஒரே ஒரு படம், அதுவும் கடை லைட்டுக்குக் கீழே எடுத்ததைப் போட்டிருந்தால் அது அவர்கள் பிழைதான். பகல் வெளிச்சத்தில் இரண்டு கோணத்திலாவது காட்டியிருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பச்சைதான் என்றால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை ஃபோல்ஸ் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஊசி ஏறிய சேலையைப் பொதுவாக யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.