கணவர் கொடுத்த பணம், மனைவி பெயரில் எஃப்.டி: பிடித்த வரி யாருக்குத் திரும்பும்?

கேள்வி: நான் இல்லத்தரசி, வயது 41. என் பெயரில் 10 லட்சம் ரூபாய் எஃப்.டி இருக்கிறது. 8 லட்சம் கணவர் கொடுத்தது. 2 லட்சம் சில வருடங்களுக்கு முன்பு நான் தையல் வேலை செய்து சேர்த்தது. 2025-26 நிதியாண்டில் 70,000 ரூபாய் வட்டி வந்தது, வங்கி 7,000 ரூபாய் டி.டி.எஸ் (வட்டி தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்துவிட்டது. கணவருக்கு வரிக்குரிய சம்பளம் 17 லட்சம், புதிய வரி முறை. "உங்களுக்குத்தான் வருமானமே இல்லையே, ரிட்டர்ன் போட்டு முழுசையும் வாங்கித் தருகிறேன், 20% கமிஷன்" என்கிறார் ஒருவர். 'எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம்' என்று எழுதித் தரும் 15ஜி படிவத்தைக் கொடுத்திருந்தால் பிடித்தமே இருந்திருக்காது என்கிறார்கள் வங்கியில். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. அந்த 7,000 ரூபாயில் உங்களுக்குத் திரும்ப வேண்டியது 1,400 ரூபாய்தான். மீதி 5,600 உங்கள் கணவர் கட்ட வேண்டிய வரியில் கழிய வேண்டியது.

கணவர் மனைவிக்குப் பணம் கொடுத்தால் அந்தப் பணத்துக்கு வரி கிடையாது, எத்தனை லட்சம் ஆனாலும். ஆனால், அந்தப் பணம் ஈட்டும் வருமானத்தைக் கொடுத்தவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறது வருமான வரிச் சட்டம் 1961-ன் 64-வது பிரிவு. 'கிளப்பிங்' என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் பிரிவு எண்தான் வேறு, விதி போகவில்லை.

ஆகவே 8 லட்சத்துக்கான வட்டி 56,000 ரூபாய் கணவருடையது. அவர் 20% அடுக்கில் இருக்கிறார். வரி 11,200, அதன் மேல் 4% செஸ் சேர்த்து 11,648 ரூபாய். பிடித்த 5,600 போக 6,048 ரூபாய் அவர் கட்ட வேண்டும். உங்கள் 2 லட்சத்துக்கான வட்டி 14,000 மட்டுமே உங்கள் வருமானம். அது 4 லட்சம் ரூபாய் வரி விலக்கு வரம்புக்கு வெகு கீழே இருப்பதால் அதற்குப் பிடித்த 1,400 முழுவதும் திரும்பும்.

15ஜி விஷயம். கவுன்ட்டரில் யார் கேட்டாலும் எடுத்து நீட்டினார்கள், யாரும் படித்ததில்லை. அந்தப் படிவத்தின் உறுதிமொழியிலேயே, இந்த வருமானம் 60 முதல் 64 வரையிலான பிரிவுகளின்படி வேறு எவருடைய வருமானத்திலும் சேர்க்கத்தக்கது அல்ல என்று எழுதியிருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் அது பொய் உறுதிமொழி. பொய் உறுதிமொழிக்குச் சிறைத் தண்டனை வரை சட்டத்தில் இடம் இருக்கிறது. படிவத்தை நீட்டியவர் அப்போது உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார். எஃப்.டி-யைப் பல வங்கிகளில் பிரித்து, ஒவ்வொன்றிலும் வட்டியை 50,000-க்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்லும் யோசனையும் வரும். அதனால் டி.டி.எஸ் மட்டும்தான் நிற்கும். வரி நிற்காது.

இப்போது அந்தக் கமிஷன்காரர். ரீஃபண்டில் சதவீதம் கேட்பவரிடம் பான் எண்ணையே கொடுக்காதீர்கள். ரீஃபண்டு பெருத்தால் அவர் பங்கும் பெருக்கும் என்பதால் இல்லாத கழிவுகளை எல்லாம் எழுதுவார். வருமான வரித் தளத்தில் உள்ள உங்கள் கணக்கில் தன் மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்துகொள்வார். நோட்டீஸ் வந்தால் அவருக்குத்தான் தெரியும், பதில் சொல்ல வேண்டியது நீங்கள். பாஸ்வேர்டு, ஆதார் ஓ.டி.பி இரண்டையும் யாரிடமும் சொல்லக் கூடாது. ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, புரொஃபைலில் இருப்பது உங்கள் எண்தானா என்று பாருங்கள். வருமானத்தைத் தவறாகக் காட்டினால் அபராதம் அந்த வரியைப் போல் இரு மடங்கு. அதில் அவர் பங்கு கேட்டு வர மாட்டார்.

செய்ய வேண்டியது இதுதான். கணவர் ஐ.டி.ஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போட முடியாது. இன்னொருவர் பெயரில் டி.டி.எஸ் பிடித்த வருமானம் தன் கணக்கில் வந்தால் அந்தப் படிவம் கூடாது. ஐ.டி.ஆர்-2 எடுத்து, அதில் எஸ்.பி.ஐ (SPI, வங்கியின் பெயர் அல்ல; மனைவி போன்றவர்களின் வருமானத்தைச் சேர்த்துக் காட்டும் இடம்) என்ற அட்டவணையில் உங்கள் பெயர், பான், உறவு, 56,000 ரூபாய் ஆகியவற்றை எழுத வேண்டும். டி.டி.எஸ் அட்டவணையில் 'வேறு நபர்' என்பதைத் தேர்ந்தெடுத்து உங்கள் பான் எண்ணைக் கொடுத்து 5,600 கேட்க வேண்டும். நீங்களும் ஐ.டி.ஆர்-2 போட்டு, 1,400-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவர் பான் எண்ணுக்கு விட்டுக்கொடுத்ததாகக் காட்டுங்கள். ஏ.ஐ.எஸ் அறிக்கையில் (உங்கள் வருமான விவரங்களைத் தொகுத்து வரித் துறை தன் தளத்தில் காட்டுவது) முழு வட்டியும் உங்கள் பெயரில்தான் நிற்கும். அதில் 56,000 அவருடையது என்று பின்னூட்டம் கொடுத்துவிடுங்கள்.

வருமான வரி விதி 37பிஏ-யின்படி இதற்கு முன்பே வங்கியிடம் நீங்கள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்: கணவர் பெயர், முகவரி, பான், எந்த வட்டி, என்ன காரணம். வெள்ளைத் தாள் போதும். வங்கி அதன்படி டி.டி.எஸ்-ஸை அவர் பெயரில் காட்ட வேண்டும். 'அப்படி ஒரு படிவமே இல்லை' என்று திருப்பி அனுப்புவார்கள். படிவம் இல்லைதான், விதி இருக்கிறதே! இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குப் பொருந்தவில்லை என்று பின்னால் நோட்டீஸ் வந்தால் காட்ட அந்த முத்திரைதான் இருக்கும். கொடுத்தது வரிப் பணம், ஓடியாடிச் சான்று சேர்ப்பதும் கொடுத்தவர் பாடு.

முந்தைய ஆண்டுகளில் கணவர் இந்த வட்டியைக் காட்டாமல் விட்டிருந்தால் 'அப்டேட்டட் ரிட்டர்ன்' (கெடு முடிந்த பிறகு கூடுதல் வரியோடு போடும் திருத்திய ரிட்டர்ன்) போடலாம். கூடுதல் வரி முதல் ஆண்டில் 25%, பிறகு 50, 60, 70 என்று ஏறும். சீக்கிரம் போடுவது மலிவு.

ஒரே ஒரு விலக்கைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இது உங்களுக்கு வருடா வருடம் உதவும். கணவர் கொடுத்த பணத்தின் வட்டிதான் அவருடையது. அந்த வட்டியைச் சேமித்தால் அதிலிருந்து வரும் வட்டி உங்களுடையது. 56,000 ரூபாயைத் தனி எஃப்.டி-யில் 7%-க்குப் போட்டால் வரும் 3,920 ரூபாய் உங்கள் வருமானம், கணவர் கணக்கில் சேராது. அதையும் சேர்த்து மறுபடி போட்டால் வருவதும் உங்களுடையதே. பத்து வருடத்தில் கணிசமாக வளரும். ஆனால் நிரூபிக்க முடிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே எஃப்.டி-யில், அதுவும் முதிர்வில் மொத்தமாக வட்டி தரும் எஃப்.டி-யில் கலந்து வைத்தால் எது அசலின் வட்டி, எது வட்டியின் வட்டி என்று பிரித்துக் காட்டவே மண்டை காயும். எனவே முதிரும்போது மூன்றாகப் பிரியுங்கள்: கணவரின் 8 லட்சம் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வெளியே வரும்படி, உங்கள் 2 லட்சம் ஒன்று, சேர்ந்த வட்டி ஒன்று. வட்டி வந்து விழத் தனி சேமிப்புக் கணக்கு. அதில் வீட்டுச் செலவுப் பணத்தைக் கலக்க வேண்டாம்.

அதோடு, உங்கள் பெயரில் பி.பி.எஃப் கணக்கு தொடங்கி ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை போடலாம். அந்த வட்டிக்கு வரியே இல்லை. யார் கணக்கில் சேர்த்தால் என்ன?

சட்டத்தின் நியாயத்தையும் கொஞ்சம் பாருங்கள். வரிக்குரிய வருமானம் 20 லட்சத்தை ஒருவரே சம்பாதித்தால் 2,08,000 ரூபாய் வரி. கணவனும் மனைவியும் ஆளுக்கு 10 லட்சம் சம்பளம் வாங்கினால் வரி பூஜ்யம். வரி போடும்போது இருவரும் தனித்தனி ஆள். பணத்தைப் பங்கிட்டுக்கொண்டால் மட்டும் ஒரே ஆள். கணவரிடமிருந்து மனைவி போதிய விலை கொடுத்து வாங்கியிருந்தால் கிளப்பிங் வராது என்று ஒரு விதி உண்டு. இருபது வருடம் வீட்டைப் பார்த்துக்கொண்டது அந்த விலையில் சேராது. சட்ட வாசகம் இருபாலருக்கும் பொதுதான், அகப்படுவது பெரும்பாலும் மனைவி. பெண்களுக்கு இருந்த சற்றே உயர்ந்த வரி விலக்கு வரம்பையும் 2012-13-லிருந்து எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைக்கிறது மாநில அரசு. அதைக் கணவர் பணத்தில் வாங்கியிருந்தால் வாடகையை அவர் கணக்கில் எழுதச் சொல்கிறது வருமான வரித் துறை.

இந்தத் தொல்லை எதற்கு, எஃப்.டி-யைக் கணவர் பெயருக்கே மாற்றி நீங்கள் நாமினியாக இருங்கள் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். கணவர் கணக்கில் சேர்வது வருமானத்தின் மீதான வரி மட்டும், பணம் உங்களுடையது. உங்கள் கையெழுத்து இல்லாமல் அதை யாரும் உடைக்க முடியாது. அன்பளிப்பாகக் கொடுத்தேன் என்று தேதி, தொகையோடு அவர் ஒரு கடிதம் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, பணம் வந்த வங்கிப் பதிவோடு வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை அன்பளிப்பாகக் கொடுக்கப் பத்திரப் பதிவு தேவையில்லை. அதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் இன்னொரு இடைத்தரகரும் வருவார், அவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.