சிவப்புப் பட்டியலா, மளிகைச் சீட்டா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். சாப்பிட்டதும் எனக்கு வயிறு உப்புகிறதென்று, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு லேபில் 7,500 ரூபாய் கட்டி எந்தெந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லும் ‘ஃபுட் இன்டாலரன்ஸ்’ பேக்கேஜ் எடுத்தேன். அரிசி, துவரம்பருப்பு, பால், முட்டை எல்லாமே சிவப்பு! மகளுக்கு எடுத்த அலர்ஜி டெஸ்டில் இறால் 0.62, பாசிட்டிவ். அவளோ வாராவாரம் காசிமேட்டு இறால் சாப்பிடுகிறவள். இனி என்னதான் சமைப்பது? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: முதலில் சோறு சாப்பிடுங்கள். அப்புறம் இரண்டு ரிப்போர்ட்டிலும் டெஸ்டின் பெயரைப் பாருங்கள். உங்களுடையதில் ஐஜிஜி என்றிருக்கும், மகளுடையதில் ஐஜிஇ. இரண்டும் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள். வித்தியாசம் ஒரே எழுத்துதான், ஆனால் சங்கதியே வேறு: அலர்ஜிக்குப் பார்ப்பது ஐஜிஇ.

அடிக்கடி சாப்பிடும் பொருளுக்கு உடம்பில் ஐஜிஜி இருப்பது சகஜம். அதனால்தான் உங்கள் சிவப்புப் பட்டியல் மாத மளிகைச் சீட்டு மாதிரியே இருக்கிறது. பச்சையில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். பெரும்பாலும் நம் அடுப்பங்கரைப் பக்கமே வராத பண்டங்களாக இருக்கும். ஒவ்வாமையைக் கண்டறிய இந்த டெஸ்ட் வேண்டாம் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்கள் அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. 2010-ல் அமெரிக்க அமைப்பும் அதை ஆமோதித்தது.

பால் மேல் சந்தேகமென்றால் இரண்டு வாரம் பால், காபி, டீயை நிறுத்திவிட்டு, மறுபடி குடித்துப் பாருங்கள். பால் செரிக்காமல் போவது லாக்டேஸ் நொதி குறைவதால். அதற்கு மூச்சில் ஹைட்ரஜன் அளக்கும் சோதனை உண்டு. கோதுமையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும்.

மகளுக்கு எடுத்தது நிஜமான அலர்ஜி டெஸ்ட்தான். வழக்கமாக 0.35-க்கு மேல் போனால் பாசிட்டிவ் என்று அச்சடிப்பார்கள். ஆனால் இறாலில் உள்ள ட்ரோபோமயோசின் புரதத்துக்குக் கரப்பான்பூச்சியிலும் தூசியில் வாழும் சிற்றுண்ணியிலும் பங்காளிகள் உண்டு. அவற்றால் உண்டான ஐஜிஇ, இறால் கட்டத்திலும் எண்ணைக் காட்டலாம். நம்ம ஏரியாவில் கரப்பான் இல்லாத வீடு எது? இறால் தின்றபின் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிளைப்பு எதுவும் வந்ததில்லை என்றால் அந்த எண்ணுக்காக நிறுத்த வேண்டாம். ஒருமுறை வந்திருந்தாலும் வீட்டில் சோதித்துப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள், ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்தில்தான்.

பணமா? ‘டெஸ்ட் செய்து கொடுத்துவிட்டோமே’ என்பார்கள். விளம்பரத்தில் ‘அலர்ஜியைக் கண்டுபிடிக்கும்’ என்றிருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் அடியுங்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். நடுவில் ‘ரீடெஸ்ட் பாதி விலை’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.